மணியோசையும் மறுமொழியும்

மனுநீதிச் சோழனின் கதையை அறியாத தமிழர் இலர். கன்றை இழந்த பசு அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் வெளியே வந்தான். தேரோட்டிய தன் மகனையே நீதிக்கு ஈந்தான். இக்கதையில் நாம் வியப்பது மன்னனின் நடுநிலைமையை. ஆயினும் அந்த மணியும் நம் சிந்தனைக்குரியதே. ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே நின்ற ஊடகம் அதுவன்றோ?

இன்று அம்மணி நம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. திங்கள்தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு காத்திருக்க ஒரு நாள் கூலியை இழந்த ஏழை, 1100 என்னும் எண்ணில் அழைத்தும் முறையிடலாம். பட்டா விவரத்தை இணையத்தில் பார்க்கலாம். இது சிறு நன்மை அன்று. செய்தி ஒருசிலரின் உடைமையாக இருக்கும் இடத்தில்தான் கையூட்டு செழிக்கிறது.

இராஜஸ்தானத்து எளிய மக்கள் இவ்வுண்மையைத் தம் வாழ்வில் கண்டனர். அரசுப் பணிகளின் கூலிக் கணக்குகளை 1994 முதல் மக்கள் மன்றத்தில் உரக்க வாசிக்கச் செய்தனர். வேலை செய்யாதோர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது வெளிப்பட்டது. கணக்குகளின் நகலைக் கேட்டு 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் அமர்ந்து போராடினர். இத்தகைய போராட்டங்களின் கனியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அன்று கேட்டும் கிடைக்காத விவரங்கள் பலவற்றை, 2019இல் அம்மாநில அரசே இணையத்தில் திறந்து வைத்தது.

எனினும் இரு கேள்விகள் எழுகின்றன. மணி எல்லாருக்கும் எட்டுகிறதா? ஒலித்தால் மன்னன் வருகிறானா?

பசுவுக்கு எழுத்தறிவு தேவைப்படவில்லை. இன்றைய மணியோ கடவுச்சொல் கேட்கிறது, ஆவணங்களைப் பதிவேற்றச் சொல்கிறது. உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகை கருவிக்குப் புலப்படாதபோது, தான் தானே என்று மெய்ப்பிக்க இயலாமல் முதியவர் திகைக்கிறார். குரலுள்ளோர் குரல் உயர, குரலற்றோர் இன்னும் பின்னே தள்ளப்பட்டால், அதனை முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வோம்?

இரண்டாவது கேள்வி இன்னும் ஆழமானது. மனு அனுப்பிய கணமே பதிவெண் வந்துவிடுகிறது. சில நாளில் 'முடித்து வைக்கப்பட்டது' என்ற செய்தியும் வரக்கூடும். முடிந்தது மனுவா, குறையா? மறுமொழி தருவது வேறு, செவிமடுப்பது வேறு. பிறருடைய முகமே நம்மிடம் அறக்கடமையை எழுப்புகிறது என்றார் மெய்யியலாளர் இம்மானுவேல் லெவினாஸ் (1906-1995). முகத்தைக் காணாமல் எண்ணை மட்டும் காணும் அலுவலர், தவறு செய்யாமலே இரக்கமற்றவராகிவிட முடியும்.

முகம் கண்டால் நீதி கிடைத்துவிடுமா என்று கேட்பதும் நியாயமே. முகம் பார்த்தே சாதி எடைபோடப்பட்டது. உடை பார்த்தே இருக்கை மறுக்கப்பட்டது. கருவி சாதி கேளாமல் மனுவைப் பெறுகிறது, அது நன்று. ஆகவே பெறுவது கருவியாக இருக்கட்டும்; தீர்ப்பது முகமறிந்த மனிதராக இருக்கட்டும். தகவல் உரிமைச் சட்டம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. பொதுவாக முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். யாரிடம் மேல்முறையீடு செய்வது என்றும் தெரிவிக்க வேண்டும். காரணம் சொல்லக் கடமைப்பட்டவரே கேட்கக் கற்றுக்கொள்வார். அக்கடமையைக் கருவி படைக்காது. சட்டமும் மனச்சான்றுமே படைக்கும்.

நமக்கும் இதில் பங்குண்டு. ஆராயாமல் வதந்தியைப் பரப்பி மணியின் நம்பகத்தைக் கெடுக்கலாகாது. படித்த இளைஞர் ஒருவர், அடுத்த வீட்டு மூதாட்டிக்காக மனு எழுதித் தரலாம். பதில் வந்தபின் அதை அவருக்குப் படித்துக் காட்டலாம். குறை தீரவில்லையெனில் மேல்முறையீட்டுக்கும் துணை நிற்கலாம். மணிக்கயிறு எட்டாதவருக்கு நம் கை எட்டட்டும்.