மழையை யார் கணக்கில் எழுதுவது?



ஈப்போவைச் சுற்றியுள்ள சுங்கை சிப்புட், கோப்பேங், கம்பார் முதலிய ஊர்களில் கடை வைத்து வாழ்ந்த நம் முன்னோர்களின் பற்று ஏடுகள் மழைக் காலத்தில் கனத்துப் போகும். மரப்பட்டை நனைந்தால் பால் கோட்டில் நில்லாமல் வழிந்தோடிவிடும். வெட்டு நின்றால் கூலி இல்லை. கூலி இல்லையேல் கடைப் பற்று ஏறும். ஆயினும் மழை பருவத்தில் வந்து பருவத்தில் போனபடியால், கொடுத்தவர் பொறுத்திருக்க முடிந்தது. வாங்கியவர் தீர்க்க முடிந்தது.

இன்று தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனைக்கு மாறிவிட்டது. பால்மரம் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் சிறுதோட்டக்காரர்களிடமே. அவர்களையும் 2017 முதல் இலையுதிர் நோய் ஒன்று வாட்டுகிறது. ஈரம் மிகுந்தால் அது பரவும். வெள்ளம் நமக்குப் புதிதன்று. 1926-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தைப் பேராக் மறக்கவில்லை. ஆனால் 2014 டிசம்பரில் பேராக் ஆற்றங்கரை மூழ்கியது. 2016-இல் புக்கிட் மேரா ஏரி வற்றிக் கிரியான் வயல்கள் நீருக்கு ஏங்கின. 2021 டிசம்பரில் ஷா ஆலமே தத்தளித்தது. சூடு ஒரு டிகிரி ஏறினால் காற்று நூற்றுக்கு ஏழு பங்கு அதிக ஈரம் தாங்கும் என்பர் விஞ்ஞானிகள். அந்த ஒரு டிகிரி ஏற்கெனவே ஏறிவிட்டது.

ஆகவே, கணக்குத் தவறிய இந்த மழையை யார் கணக்கில் எழுதுவது?

"எல்லாம் இறைவன் நாட்டம், நாம் என்ன செய்வது?" என்பர் ஒரு சாரார். நாட்டத்தை நாமும் மறுக்கவில்லை. ஆனால் ஒட்டகையைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்க வேண்டும் என்பதன்றோ நமக்குப் போதிக்கப்பட்ட பாடம்? கடையைப் பூட்டாமல் விதியை நம்பி உறங்கும் வியாபாரி நம்மில் எவருமில்லை.

"புகை விடுவது பெரிய தேசங்கள், நம் சிறு கடையால் என்ன கேடு?" என்பர் வேறு சிலர். பெரும் பங்கு அவர்களுடையதே. அதை நாம் உரக்கச் சொல்லவும் வேண்டும். எனினும் நிறுவையில் குறைத்தவன், "அடுத்த கடைக்காரன் என்னிலும் அதிகம் குறைத்தான்" என்று தப்ப முடியுமா? கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்கள் விட்ட மணல் ஒவ்வொன்றாய்ப் பார்த்தால் கொஞ்சந்தான். எல்லாம் சேர்ந்து ஆறுகளைத் தூர்த்தது. லாபம் சிலருக்கு, வெள்ளம் கரையோரத்து ஏழைக்கு.

இன்னொன்றும் மறைக்காமல் பேசுவோம். பாதை துண்டிக்கப்பட்ட நாளில் அரிசி மூட்டையைப் பதுக்கி விலையேற்றும் ஆசை நம்மவர் மனத்திலும் எழுவதுண்டு. மார்க்கம் அதைத் தடுத்திருக்கிறது. ஆனால் நனைந்த சரக்கின் நஷ்டத்தைத் தனியொரு கடைக்காரர் எவ்வளவு தாங்குவார் என்பதும் நியாயமான கேள்வியே.

இதற்கு விடை நம் ஊரிலேயே உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டி, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். ஒருவர் தாங்க முடியாததைப் பலர் சேர்ந்து தாங்கினர்.

நாமும் கடைக்கு மாதம் ஐந்து வெள்ளி வீதம் வெள்ள நிதி சேர்க்கலாம். அதிலிருந்து நனைந்த கடைக்கும் உதவலாம்; வெட்டில்லாத வீட்டின் பற்றுக்கும் தவணை தரலாம். மூட்டைகளை உயர்ந்த பலகையில் அடுக்குவோம். பின்புறச் சாக்கடையைத் தூர் எடுப்போம். கேளாதவருக்குப் பிளாஸ்டிக் பை நீட்டாதிருப்போம். ஒளூச் செய்யும் நீரையும் அளந்து செலவிடுவோம்.

இவற்றால் உலகின் சூடு தணிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. மழையை ஏழையின் கணக்கில் மட்டும் எழுதிவிட்டு ஏட்டை மூடாதீர்கள் என்றே சொல்கிறோம். அந்த ஏடு ஒருநாள் நம்முன் விரிக்கப்படும். அன்று நம் பங்கு சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.