பழந்துணியும் தன்மானமும்



பிறர் பயன்படுத்திய பொருளையே விலைக்கு வாங்குவோம், புதியது வேண்டா என்று உறுதி பூணுவோர் இன்று உளர். அது கேட்டு நம்மவருள் சிலர் நெஞ்சம் கூசுகின்றனர். கூசுவதற்குக் காரணமும் உண்டு. இறந்தோர் ஆடையே சண்டாளருக்கு உடை என மனுஸ்மிருதியின் 10ஆம் அத்தியாயம் விதித்தது. அந்நூலை 1927 டிசம்பர் 25 அன்று, மகாடில், அண்ணல் அம்பேத்கர் தலைமையில் கூடியோர் தீயிலிட்டனர்.

ஆயின், பகவன் புத்தரும் குப்பையில் எறியப்பட்ட துணியைத் தைத்து உடுத்தார் அன்றோ? அதற்குப் பாம்சுகூலம் என்று பெயர். செல்வ அந்தணர் குடியிற் பிறந்த மகாகாசியபர் தம் மெல்லிய ஆடையை ஈந்து, பகவரின் நைந்த சீவரத்தை உவந்து ஏற்றார். துணி ஒன்றே, பிறர் திணித்தபோது அது இழிவு, தாமே தேர்ந்தபோது அது துறவு.

கோசாம்பி மன்னன் உதயணனின் தேவியர் ஆனந்தருக்கு 500 ஆடைகள் வழங்கினர். "இத்தனையும் எதற்கு?" என்று மன்னன் வினவினான். ஆடை கிழிந்த பிக்குகளுக்குப் பகிர்வோம்; பழையவை விரிப்பாகும்; பின்னர் மிதியடித் துணியாகும்; இறுதியில் மண்ணோடு பிசைந்து தரை மெழுகப்படும் என்றார் ஆனந்தர்.

இல்லறத்தீர்! பழைய மேசையை நாணமின்றி வாங்குங்கள். குழந்தைக்குப் புத்தாடையையும் நாணமின்றி வாங்குங்கள். மலிவென்று பழையவற்றைக் குவிப்பதும் வேட்கையே. கடைவாயிலில் நின்று, "என்னை இங்கு அழைத்து வந்தது தேவையா, வேட்கையா?" என்று உள்ளத்தைக் கேளுங்கள். நீங்கள் உடுத்தக் கூசும் கந்தலைப் பிறருக்குத் தானமென்று கொடாதீர்கள்.

மங்களம் உண்டாகுக!