கடைமடைக்கும் கடைமடை

மேட்டூரில் மதகைத் தூக்கிவிட்டார்கள் என்றால் காரைக்கால் பக்கம் எல்லோரும் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். தண்ணி எப்ப வரும்? வருமா? அரசலாறு, திருமலைராஜனாறு, நண்டலாறு என்று எத்தனை பேர் சொன்னாலும் எங்களிடம் வந்து சேர்வது காவிரியின் மிச்சம்தான். எங்களுக்குக் கீழே கடல்.

கடைமடைக்காரன் ஒரு நியாயம் பேசுகிறான். 'ஆறு ஒன் ஊரு வழியா மொதல்ல வருதுன்னா ஒனக்கே சொந்தமாயிடுமா?' சரியான கேள்வி. 2007-இல் காவிரி நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. ஒதுக்கியது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதில் கை வைக்கவில்லை. மாநிலம் தாண்டி ஓடும் ஆறு நாட்டின் சொத்து, ஒரு மாநிலம் மட்டும் உரிமை கொண்டாட முடியாது என்றும் சொன்னது. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மேலே பார்த்துப் பேசும் இந்த நியாயம் கீழே பார்த்துப் பேசாதா?

எங்கள் சேரி வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. என் அப்பாயி கோடை வெயிலில் வாய்க்கால் மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து கரை போட்டவர். தண்ணீர் வந்ததும் ஊர்த்தெருப் படித்துறையில் அவர் கால் வைக்கக் கூடாது. 'நாம வெட்டுனதுல நாம எறங்கக் கூடாதாம்டா' என்பார். கோபமே இருக்காது, மழை பெய்யலை என்று சொல்வதுபோலச் சொல்வார். அந்தப் பழக்கப்பட்ட குரல்தான் இன்றும் எனக்குப் பயம் தருகிறது.

ஊர் கூடி ஆற்றைக் காத்தது என்று குடிமராமத்தைப் புகழ்கிறோம். 2017-இல் தமிழக அரசு அந்தப் பெயரிலேயே திட்டம் போட்டது. கூடியது யார், குனிந்தது யார்? சென்னை மாகாணத்தில் வெள்ளைக்காரன் 1858-இல் போட்ட சட்டத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே பேர். அவன் ஒளிக்கவில்லை. கூட்டுழைப்பு என்று பேர் மாற்றியவர்கள் நம்மவர்கள்.

காரைக்காலில் இருந்தது பிரெஞ்சு ஆட்சி, அங்கே சமத்துவம் என்பார்கள். பிரான்ஸ் தன் கரும்புத் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தது 1848-இல். 1853-லேயே மார்த்தினிக் தீவில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் இறங்கினார்கள். அப்படிக் கப்பலேற்றிய துறைகளில் காரைக்காலும் ஒன்று. நிலத்தில் கட்டிப்போட்டவனுக்கு ஆறு காட்டிய ஒரே வழி கடல்.

'இப்ப யாருப்பா தடுக்கிறா? வீட்டுக்கு வீடு குழாய் இருக்கே' என்று தோழர்களே கேட்கிறார்கள். 1927 மார்ச் 20 அன்று மகாடில் அண்ணல் அம்பேத்கர் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தது தாகத்துக்காக அல்ல. குழாய் தாகத்தைத் தீர்க்கும். யார் முதல், யார் கடைசி என்ற வரிசையை அது தொடுவதில்லை. எங்கள் பிணம் இன்றும் வாய்க்காலில் இறங்கித்தான் சுடுகாட்டுக்குப் போகிறது. பாலம் ஊர்த்தெரு வரைக்கும்தான்.

வெட்டியவனுக்கே ஆறு சொந்தம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நானும் ஒரு மடை போட்டவன் ஆவேன். ஆறு யாருக்கும் சொந்தமில்லை. அதனால்தான் எல்லோருக்கும் அதில் பங்கு. கடைமடைக்குத் தண்ணீர் கேட்டுச் சாலையில் உட்காரும் விவசாயிகளோடு நானும் உட்காருவேன். கோஷம் முடிந்ததும் அவர்களிடம் ஒன்று கேட்பேன்: அய்யா, உங்களுக்குக் கீழேயும் ஒரு கடைமடை இருக்கு. அங்க எப்ப மதகு தூக்கப் போறீங்க?