பலி வேண்டாம், கணக்கு வேண்டும்

2023 நவம்பர் 2. மும்பை வாங்கடே மைதானத்தில் இந்தியாவிடம் இலங்கை 55 ஓட்டங்களுக்குச் சுருண்டது. 302 ஓட்டங்களால் தோற்றது. நான்காம் நாள், உலகக் கிண்ணத் தொடர் முடியுமுன்பே, விளையாட்டுத்துறை அமைச்சர் ரொஷான் ரணசிங்க ஸ்ரீலங்கா கிரிக்கெட் நிர்வாகத்தைக் கலைத்து, அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழுவை அமர்த்தினார். வீரர்களுக்கு அன்று டெல்லியில் பங்களாதேசுடன் ஆட்டம். கிளிநொச்சியில் தொலைக்காட்சி முன் இருந்த நீங்கள் கைதட்டினீர்களா?

தட்டிய கையோடு விளைவையும் எண்ணுங்கள். மறுநாளே மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை இடைநிறுத்தியது. நவம்பர் 10இல் சர்வதேச கிரிக்கெட் பேரவை, அரசுத் தலையீட்டைக் காட்டி இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. 2024இல் இங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது. அமைச்சரும் அந்த மாதமே பதவி இழந்தார். சொந்த மண்ணில் ஆடும் வாய்ப்பை இழந்த இளைஞர்கள் செய்த குற்றம் என்ன?

தோல்விக்குக் காரணம் தேடுவது கடினம். ஒரு தலையைத் தேடுவது எளிது. கிரகம் சரியில்லை என்று பரிகாரம் செய்கிற மனம்தான், நிர்வாகியை விரட்டினால் ஓட்டம் வரும் என்றும் நம்புகிறது. அதே ஆண்டு செப்டம்பரில், ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில், கொழும்பிலேயே 50 ஓட்டங்களுக்கு விழுந்தோம். உலகக் கிண்ணத்தில் ஒன்பது ஆட்டங்களில் வென்றவை இரண்டு. இத்தனைக்கும் காரணம் ஒரே நாளில் முளைத்ததா? ஒரே உத்தரவில் தீருமா?

“நிர்வாகி திருடனாக இருந்தாலும் தொடர் முடியும்வரை வைத்திருப்பதா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. திருட்டுக்கு ஆதாரம் இருந்தால் நாள் பார்க்க வேண்டாம். விசாரியுங்கள், சட்டப்படி உடனே விலக்குங்கள். ஆனால் தோல்வி திருட்டுக்கு ஆதாரம் ஆகாது. வெற்றி நேர்மைக்கும் ஆதாரம் ஆகாது. அன்று அணி வென்றிருந்தால் நிர்வாகத்தின் கணக்கைக் கேட்டிருப்பீர்களா?

கொழும்பை விடுங்கள். முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் ஊர்தோறும் விளையாட்டுக் கழகம் இருக்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் இருக்கிறார்கள். இறுதியாட்டத்தில் தோற்றால் அன்றிரவே நிர்வாகத்தை மாற்றச் சொல்கிறோம். வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய காசு எங்கே போனது, பெண் பிள்ளைகளின் அணிக்கு ஒரு பந்தாவது வாங்கினார்களா என்று எப்போது கேட்டோம்? கேள்வி கேட்க முடியாத தலைமைகளின் விலையைத் தன் பிள்ளைகளால் கட்டிய மண் இது. இங்கே கேட்காமல் இருப்பது அறியாமை அல்ல, பொறுப்பின்மை.

ஆகவே தொடர் நடுவே, தோற்ற ஆத்திரத்தில், எவரையும் பலியிடாதீர்கள். தொடர் தொடங்குமுன் இலக்கை எழுதி வையுங்கள். வரவு செலவை மாதந்தோறும் அறிவித்தல் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், நிர்வாகி உங்கள் சொந்தக்காரராக இருந்தாலும், எழுந்து நின்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வாக்கால் அகற்றுங்கள். அவமதிக்காமல் அகற்றுங்கள், அவரும் மனிதர்தான்.

தோற்ற ஆண்டில் கேட்க ஆத்திரம் போதும். கிண்ணத்தோடு திரும்புகிற ஆண்டிலும் அதே கேள்வியைக் கேட்க நேர்மை வேண்டும். அது உங்களிடம் இருக்கிறதா?