காத்திருக்கக் கூடியவர் யார்?

மூவருக்குப் போதாத பொருளை மூவருக்கும் பங்கிட வேண்டி வந்தால் யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதே நியாயம் என்று வெகுகாலம் நினைத்திருந்த நான், யாரால் எவ்வளவு காலம் காத்திருக்க முடியும் என்று பார்ப்பது அதற்கும் முந்திய நியாயம் என்பதை, மழை பொய்த்த ஒரு வருஷத்தில் எங்கள் கட்டுத்தரையில் எலும்பும் தோலுமாய் நின்று கன்று ஈன்ற ஒரு காங்கேயம் பசுவினிடமிருந்து அறிந்துகொண்டேன்.

காங்கேயம், தாராபுரம் வட்டாரத்து மேட்டுநிலங்களை அறிந்தவர்களுக்கு அங்குள்ள கொறங்காடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முள்கிளுவையை உயிர்வேலியாக வளர்த்து, உள்ளே வெள்வேல மரங்களை நிழலுக்கும் நெற்றுக்குமாக விட்டு, தரை முழுவதும் கொழுக்கட்டைப் புல் தழைக்க வைத்திருக்கும் அந்த மேய்ச்சல் காடுகள் வானத்தை மட்டுமே நம்பியவை. ஐப்பசி, கார்த்திகை மழை தவறினால் புல் காய்ந்து வேரளவில் ஒடுங்கிவிடும். பிறகு மாட்டுக்குக் கிடைப்பது விலைக்கு வாங்கிய வைக்கோலும் சோளத்தட்டும்தான். ஏறக்குறைய 280 நாள் சினைக்காலத்தில் கடைசி 2 மாதங்களில்தான் வயிற்றுக் கன்று மிகுதியாக வளர்கிறது; எங்கள் பசுவுக்கோ அந்த மாதங்களே பஞ்ச மாதங்களாக அமைந்தன. விலாவெலும்புகளை எண்ணிவிடலாம் என்னும்படியாக, வாலடியின் இரு பக்கமும் குழி விழுந்த சரீரத்தோடு, அது ஒரு செவலைக் கன்றை ஈன்றது. காங்கேயம் கன்றுகள் செவலையாகப் பிறந்து, சுமார் 6 மாதத்தில் மயிலை நிறத்துக்கு மாறுவது இயல்பு. இந்தக் கன்று அந்த மாற்றம் வரை உயிரோடிருக்குமா என்பதே அன்று எங்களுக்குச் சந்தேகமாக இருந்தது.

அந்த மெலிந்த மடிக்கு மூன்று பங்காளிகள்: கன்று, பசுவின் சொந்த உடம்பு, பிறகு நாங்கள். மூவரில் கன்றின் வழக்கு மணிக்கணக்கில் தீர்க்க வேண்டிய வழக்கு. மனிதத் தாய் நோயை எதிர்க்கும் சக்தியில் ஒரு பகுதியைக் கர்ப்பத்திலேயே குழந்தைக்குக் கொடுத்துவிடுகிறாள். பசுவின் நஞ்சுக்கொடியோ அந்தச் சக்தியைக் கன்றுக்குக் கடத்துவதில்லை. ஆகவே கன்று எந்தக் காப்புமின்றியே பூமியில் விழுகிறது. அதற்கு உரிய காப்பு முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. அந்தக் காப்பை அப்படியே இரத்தத்துக்குள் ஏற்றுக்கொள்ளும் திறமை கன்றின் குடலுக்கு முதல் சில மணி நேரமே பூரணமாக இருந்து, படிப்படியாகக் குறைந்து, 24 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய அற்றுப்போகிறது. முதல் நாளில் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 20 கிலோ கன்றுக்கு 2 லிட்டர், சீம்பால் உள்ளே சென்றாக வேண்டும். மறுநாள் குடம் குடமாக ஊட்டினாலும் அந்த இழப்பை ஈடு செய்ய இயலாது.

சீம்பாலோ ஊராருக்கும் பிரியமான வஸ்து. வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வேகவைத்த அந்தக் கட்டியைக் கன்று ஈன்ற வீடு அண்டை வீடுகளுக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்து மரியாதை. கிண்ணத்தோடு வந்து நின்ற அடுத்த வீட்டுப் பெண்ணிடம் எங்கள் ஆத்தா, கன்றைத் தாங்கிப் பிடித்துக் காம்பை அதன் வாயில் வைத்தபடியே, “கன்னு குடிச்சது போக மிஞ்சுனா உனக்குத்தான் அம்மிணி, மிஞ்சாட்டி அடுத்த ஈத்துக்கு வா” என்றாள். அந்தப் பெண்ணும் மனம் கோணாமல் உட்கார்ந்து, கன்றின் ஈரத்தை வைக்கோலால் துடைத்துக் கொடுத்துவிட்டு, வெறுங்கிண்ணத்தோடு திரும்பினாள்.

இரண்டாவது பங்காளியின் வழக்கு மாதக்கணக்கில் நடப்பது. மெலிந்த பசுவைப் பார்த்ததும் இரக்கம் உடையவர்கள் செய்ய நினைப்பது ஒன்றே: கம்பங்கஞ்சியையும் சோற்றையும் தொட்டி நிறைய ஊற்றிவிடுவது. ஆனால் பசுவின் பெருவயிற்றில் தீவனத்தைப் பதப்படுத்துபவை கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்கள். வைக்கோலுக்குப் பழகிய அவற்றின்மீது திடீரென்று மாவுப்பொருளைக் கொட்டினால் வயிறு புளித்து, அசைபோடுதல் நின்று, பசு படுத்துவிடும்; விருந்து வீட்டு மிச்சச் சோற்றைத் தின்று இறந்த மாடுகள் உண்டு. தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் கைப்பிடியளவில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல உயர்த்தி, தாது உப்பும் அகத்திக் கீரையும் சேர்த்து, தண்ணீரைக் குறைவின்றி வைத்து, பிறகு பொறுத்திருக்க வேண்டும். நீண்ட காலம் மறுக்கப்பட்டதை ஒரே வேளையில் கொடுத்துத் தன் மனபாரத்தை இறக்கிக்கொள்ள விரும்பும் கருணை, பெறுபவரின் சரீரத்தைவிடத் தன் நிம்மதியையே பெரிதாகக் கருதுகிறது.

இந்த இரண்டாவது பங்காளிக்குத்தான் அநீதி எளிதில் நேர்கிறது. ஏனெனில் அது வாய் திறந்து கேட்பதில்லை. ஈன்ற பசுவுக்குப் பால் சுரப்பு 6 முதல் 8 வாரங்களில் உச்சத்தை அடைகிறது. பசியோ அதற்குப் பின்னர்தான் முழுமையாகத் திரும்புகிறது. இடைப்பட்ட காலத்தில் தின்பதற்கும் கறப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பசு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்தே கொடுக்கிறது. பிடிக்காத கைக்குப் பாலை எக்கிக்கொள்ளத் தெரிந்த நாட்டுப் பசுவுக்குங்கூட, சுரப்பதையே நிறுத்திக்கொள்ளத் தெரியாது. பாற்செம்பைப் பார்ப்பவனுக்கு எல்லாம் செம்மையாக இருப்பதாகத் தோன்றும். இடுப்பெலும்பைப் பார்ப்பவனுக்கே உண்மை தெரியும். அப்படிக் கரைந்த பசு அடுத்த சினைக்கும் எளிதில் நிற்காது.

மூன்றாவது பங்காளிகளான எங்களுக்கோ அவசரமே இல்லை. காபிக்குப் பாலில்லை என்பது குறையேயன்றி ஆபத்தன்று. ஆகவே முதல் வாரங்களில் கன்றுக்கே விட்டு, பிறகு இரண்டு காம்பு கன்றுக்கு, இரண்டு காம்பு வீட்டுக்கு என்று வைத்துக்கொண்டோம். கன்று புல்லைக் கொறிக்கக் கற்றுத் தேறியது. பசுவின் வாலடிக் குழிகள் மெல்ல மேடாயின.

வீட்டுப் பங்கீடுகளை எல்லாம் அதன் பின்னர் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். மருந்துக்கு நாழிகைக் கணக்கு, பள்ளிக்கூடச் சம்பளத்துக்குத் தவணைக் கணக்கு, புதுத் துணிக்குப் பண்டிகைக் கணக்கு என்று ஒவ்வொரு தேவைக்கும் தனித்தனிக் காலம் இருக்கிறது. காத்திருக்கக் கூடியவர் காத்திருப்பதே குறைவான பொருளிலும் குடும்பத்தைக் காப்பாற்றும் தர்மம். ஆயினும் இந்தத் தர்மத்துக்குள்ளேயே ஒரு பெரிய ஏமாற்றுக்கும் இடமிருக்கிறது. காத்திருக்கக் கூடியவரும் முறையிடாதவரும் வெளிப்பார்வைக்கு ஒன்றாகவே தோன்றுகிறார்கள். எல்லோரும் உண்டபின் உண்ணும் தாயையும், தன் சம்பளம் முழுவதையும் வீட்டுக்கு அனுப்பிவிடும் மூத்த பிள்ளையையும், அவர்கள் முகம் சுளிக்காத காரணத்தாலேயே பொறுக்க வல்லவர்கள் என்று எண்ணி, அவர்கள் முறையை வருஷந்தோறும் தள்ளிவைக்கிறோம். அவர்களிடமிருந்து வருவது குறையாதவரை அவர்களுக்குக் குறையில்லை என்றும் தீர்மானித்துவிடுகிறோம். கொடுப்பதை நிறுத்தத் தெரியாத ஜீவன்களிடத்தில் அளவு பார்க்கும் கடமை பெற்றுக்கொள்பவர்களையே சேரும்; ஆதலால், யார் கேட்கிறார் என்பதைக் காதால் அறிவதோடு நில்லாமல், யார் இளைத்திருக்கிறார் என்பதைக் கண்ணால் பார்த்து அறிந்த பிறகே ஒரு வீடு தன் பங்கைக் கையில் எடுக்க வேண்டும்.