பதிவேட்டு விசுவாசம்

கண்டக்குழிக் கரையில் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் ஒரே கடலை நம்பித்தான் வாழ்கிறார்கள். இந்தக் கரையோடு தெற்கே போனால் தலவில புனித அன்னம்மாள் கோயில். வடகிழக்கே, களப்புப் பக்கம், கற்பிட்டிக் கோட்டை. கோட்டையை ஒல்லாந்தர் 1667 தொடங்கி 1676 வரை கட்டினார்கள். கட்டியவர்களின் மதம் இக்கரையில் வேர்விடவில்லை. அவர்கள் தடைசெய்த மதம் தங்கிவிட்டது. இது ஏன் என்று கேட்பது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய வேலையல்ல என்பது என் எண்ணம்.

1658இல் போர்த்துக்கேயரை வெளியேற்றியதும் ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தனர். குருமாருக்குப் புகலிடம் கொடுப்பவருக்கு மரணதண்டனை என்றார்கள். மறுபக்கம், தங்கள் சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவனுக்கே உத்தியோகம். சபைப் பள்ளிக்கூடத்தின் தோம்பில் பதியாத விவாகம் செல்லாது. விவாகம் செல்லாவிட்டால் பிள்ளைக்குச் சொத்தில் உரிமை கேட்பதும் கஷ்டம். சனங்கள் என்ன செய்வார்கள்? போய்ப் பதிந்தார்கள். முதலியார் பதவிக்காகப் பதிந்தவனும் இருந்தான், பிள்ளையின் காணித்துண்டுக்காகப் பதிந்தவனும் இருந்தான். ஏடு நிறைந்தது. ஒல்லாந்தப் பாதிரிமார் சிலருக்கே இந்த எண்ணிக்கையில் நம்பிக்கை இருக்கவில்லை.

அந்தக் காலத்தில்தான், 1687இல், கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். கையில் அதிகாரம் இல்லை. கொடுப்பதற்கு உத்தியோகமும் இல்லை. தமிழைக் கற்றார். இரவில் வீடுகளுக்குள் பூசை வைத்தார். புத்தளம் வழியாகக் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறையில் போட்டார்கள். 1711இல் கண்டியிலேயே காலமானார். அவரைத் தேடி வந்தவர்களுக்கு உலகத்தில் கிடைத்த ஒரே கூலி ஆபத்துத்தான்.

1796இல் ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1806இல் கத்தோலிக்கர் மீதான தடைகளை ஆளுநர் மெயிற்லண்ட் நீக்கினார். பதிவேட்டுப் புரட்டஸ்தாந்தர் பெருந்தொகையாகக் கலைந்தார்கள். சைவர் கோயிலுக்கும் பௌத்தர் விகாரைக்கும் திரும்பினார்கள். ஒளித்து வைக்கப்பட்ட கத்தோலிக்கமோ பகிரங்கமாக எழுந்து நின்றது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பகலில் சபை ஏட்டில் பெயர் கொடுத்துவிட்டு இரவில் பூசைக்குப் போன கத்தோலிக்கனை எதில் சேர்ப்பது? வேடதாரி என்று நாம் அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. கொடுமை தாங்காமல் நாவால் மறுத்த அம்மார் இப்னு யாஸிர் (ரலி) அழுதுகொண்டு வந்தபோது, அவருடைய உள்ளம் எப்படி இருக்கிறது என்றுதான் நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். பயத்தில் நாக்கு மாறுவது வேறு. ஆதாயத்துக்காக நாக்கு ஒன்றைச் சொல்ல, உள்ளம் வெறுமையாகக் கிடப்பது வேறு. இந்த இரண்டாவது வகையினரைத்தான் 'ஹுஜுராத்' அத்தியாயம் நாட்டுப்புற அரபிகளிடம் சுட்டிக்காட்டுகிறது: பணிந்திருக்கிறார்கள், ஈமான் இன்னும் உள்ளே நுழையவில்லை. ஏட்டை நிரப்பிய ஒல்லாந்தனுக்கு இவ்விருவரையும் பிரித்தறிய வழி இல்லை. உள்ளத்தின் சுதந்திரத்தைப் பறித்தவனுக்கு உள்ளத்தைப் படிக்கவும் முடியாமல் போகிறது.

நம் மஹல்லாக்களிலும் ஏடுகள் இருக்கின்றன. சந்தாப் புத்தகம், நிக்காஹ் பதிவு, ஜமாஅத் கடிதம். இவை வேண்டாம் என்று சொல்லவில்லை; விவாகமும் வாரிசுரிமையும் எழுத்தில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஜும்ஆவுக்கு வராதவனின் மகளுக்கு நிக்காஹ் கடிதம் இல்லை என்று ஒரு நிர்வாகம் தீர்மானித்தால், அவன் அடுத்த வெள்ளிக்கிழமையே வந்து முன் ஸஃப்பில் நிற்பான். அவன் யாருக்குப் பயந்து வந்தான் என்று நிர்வாகம் கேட்காது. ஆள் கூடியிருக்கிறது என்று சந்தோஷப்படும். ஒல்லாந்தச் சபையும் ஏட்டைப் பார்த்து அப்படித்தான் சந்தோஷப்பட்டது.