கல் சொன்னதும் நாம் சொல்வதும்

சிறியதொரு பகுதியைப் படித்து முடிவு காண்பது எளிதெனவே நாம் எண்ணுகின்றோம். மணிமேகலை அளவைகளை எண்ணுமிடத்துக் காண்டலை அடுத்துக் கருதலை வைக்கின்றது. புகை கண்டவிடத்துத் தீயுண்டு எனலாம்; மூட்டியவர் யாரெனப் புகை கூறாது. இவ்வெல்லையைக் காப்பது அறிவுக்கு மட்டுமன்றி அறத்திற்கும் உரிய கடனாகும்.

பெங்களூரின் தென்பால் உள்ள பேகூரில், நாகேசுவரர் கோயிலில், கி.பி. 890 அளவில் எழுந்த பழங்கன்னடக் கல்வெட்டொன்று பெங்களூர்ப் போரில் மாண்டவனைக் குறிக்கின்றது. போசள மன்னன் வீரவல்லாளனுக்கு மூதாட்டி ஒருத்தி வெந்த பயறு அளித்தமையால் 'பெந்த காளூரு' என்னும் பெயர் தோன்றிற்று என்பது செவிவழிக் கதை. அம்மன்னன் ஆட்சிக்கு வந்ததோ 1173இல். ஏறத்தாழ முந்நூறாண்டு முன்னரே வழங்கிய பெயருக்கு அக்கதை காரணமாதல் இயலாது. இது கல் தரும் முடிவு. அவ்வூர் பெரிதோ சிறிதோ என்பதைக் கல் தரவில்லை.

டொம்லூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. இங்குத் தமிழில் எழுதினோரும் அதனைப் படித்தோரும் அன்று இருந்தனர் என நாம் துணியலாம். பிறமொழியினர் இலர் என்றோ, இவ்வூர் எமதே என்றோ துணிதல் ஆகாது. பேகூர்க் கல்லைக் கொண்டு தமிழர் நேற்று வந்தவர் என்பாரும் அவ்வாறே வழுவுகின்றனர். ஈரினத்தார் கூடி வாழும் நகரில், சான்று நின்றவிடத்தே நாவும் நிற்றல் வேண்டும். மிகையாகக் கருதிய ஒரு சொல் அண்டை வீட்டாரைப் பகைவராக்கும் வலிமையுடையது.